கொல்லிமலைக் கோயிலும் காமிராக் கூட்டமும்

மார்கழி பிறந்துவிட்டால் கொல்லிமலை ஏறும் வண்டிகளில் இருவகைப் பயணிகளைக் காணலாம். ஒரு சாராரின் மடியில் தேங்காய், பழம், பூமாலை நிறைந்த பை இருக்கும். மற்றொரு சாராரின் மடியில் காமிராப் பை; அதைப் பச்சிளங்குழந்தைபோல் அணைத்துக்கொண்டே அமர்ந்திருப்பர். சேலம், ஈரோடு, திருச்சி முதலிய ஊர்களிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் புகைப்பட ஆர்வலர் குழுக்கள் சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு வந்து, ஞாயிறு இரவு வீடு திரும்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. பல் மருத்துவரும் கல்லூரி மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே வேனில் வருவர். வீட்டிலுள்ள பெரியவர்களையும் சிலர் உடன் அழைத்து வருவதுண்டு. "நீங்கள் சுவாமி தரிசனம் செய்யுங்கள், நாங்கள் படம் எடுக்கிறோம்" என்பது அவர்களுக்குள் உடன்படிக்கை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறலாகாது, வயிறு முட்ட உண்டும் ஏறலாகாது. இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இல்லை. எனினும் மார்கழி, தை விடியலில் சால்வையின்றி நிற்க இயலாது.

அந்த விடியலுக்காகத்தான் காமிராக்காரர்கள் வருகின்றனர். சீக்குப்பாறை போன்ற காட்சிமுனைகளில் நின்று பார்த்தால், கீழேயுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் பாற்கடலெனப் பரந்திருக்கும். குன்றுகளின் உச்சி மட்டும் தீவுகளாய்த் தெரியும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குவதால் உண்டாகும் மூட்டம் இது. வெயில் ஏற ஏறக் கரைந்துவிடும். புதிதாக வருபவர் எடுக்கும் படத்தில் இந்த வெண்பனி பெரும்பாலும் அழுக்குச் சாம்பலாகவே விழும். காமிராவுக்குள் உள்ள ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுவதால் நேரும் குறை அது. சற்று ஒளியைக் கூட்டி எடுத்தால்தான் வெண்மை வெண்மையாகத் தோன்றும். குழுவிலுள்ள மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

இம்மலையின் பழங்கதையே ஒரு படிமத்தைப் பற்றியது என்பது சிந்திக்கத் தக்கது. கொல்லிப்பாவை என்று சங்கப் புலவர்கள் பலரும் போற்றிய அந்தப் பாவை, தெய்வத்தால் செய்யப்பட்டதென்றும், காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் அசையாததென்றும், தன் புன்னகையால் பார்ப்பவரை மயக்கி உயிரையே பறிக்க வல்லதென்றும் கூறுவர். மலைமேல் கோயில்கொண்டுள்ள எட்டுக்கை அம்மனே அந்தக் கொல்லிப்பாவை என்பது இவ்வட்டார மக்களின் நம்பிக்கை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே. அவனைப் பாடிய வன்பரணரும், அவனைப் போரில் வீழ்த்திய மலையமான் திருமுடிக்காரியும் பள்ளிப் பாடத்தில் படித்த பெயர்களாகப் பலருக்கும் நினைவிருக்கும். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கையொட்டி அரசு விழாவும் நடைபெறுகிறது.

ஆலயம் இருப்பது வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில். இறைவன் திருநாமம் அறப்பளீசுவரர். அம்பிகை அறம்வளர்த்த நாயகி. தேவாரத்தில் தனிப்பதிகம் இன்றிப் பெயர் மட்டும் குறிக்கப்பெறும் வைப்புத் தலங்களுள் ஒன்று இது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீர்காழி அம்பலவாணக் கவிராயர் இப்பெருமானை முன்னிறுத்தியே அறப்பளீசுர சதகத்தை இயற்றினார். ஆலயத்தின் அருகே ஓடும் ஐயாற்றில் உள்ள மீன்களை இவ்வூர் மக்கள் பிடிப்பதில்லை. பொரி தூவி வணங்குவர். எவரோ பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்ட மீன்கள் இறையருளால் மீண்டும் பொருந்தி ஆற்றில் துள்ளின என்பது தலபுராணச் செய்தி.

அதே ஐயாறு சிறிது தொலைவு சென்று ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆகாயகங்கை என்பது அருவியின் பெயர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் மார்கழியில் நீர்வரத்து நன்றாகவே இருக்கும். ஆனால் அருவியின் அடிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். செங்குத்தான படிகள், சாரலால் ஈரம் வேறு. இறங்குவது முழங்காலுக்குச் சோதனை, ஏறுவது மூச்சுக்குச் சோதனை. அறுபதைக் கடந்தவர்கள் பெரும்பாலோர் கோயில் மண்டபத்திலேயே அமர்ந்துவிடுவதுதான் உசிதம். இவ்விடத்தில் காமிராக் கூட்டத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பிற்பகலில் வியர்த்து விறுவிறுத்துப் படியேறி வரும் பேரனோ பேத்தியோ, காமிராவின் சின்னஞ்சிறு திரையில் அருவியைக் காட்டும்போது, பாட்டி தம் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரைக்கே கைகூப்புவார். அரை விநாடி நேரம் ஒளியை உள்ளே விட்டு எடுத்த படத்தில் நீர்த்துளிகள் தனித்தனியே தெரியாமல் அபிஷேகப் பால்போல் ஒரே வெண்தாரையாய் வழியும். கங்கையைச் சடையில் தாங்கியவனின் மலைக்கு அது பொருத்தமான படந்தான்.

அருவியில் நன்மை செய்யும் காமிரா, சந்நிதிக்குள் வரும்போது வேறுவிதமாகிவிடுகிறது. மலைக்கோயில் மட்டுமன்று, எந்தக் கோயிலாயினும் இக்காட்சி புதிதில்லை. அர்ச்சகர் கற்பூர ஆரத்தி காட்டும் அந்த ஒரு நொடியில், கூப்ப வேண்டிய கைகள் கைபேசியை உயர்த்துகின்றன. பின்னால் நிற்கும் வயோதிகர் பல மணி நேரப் பயணம் செய்து வந்திருப்பார்; அவர் காண்பதோ முன்னால் நிற்பவரின் திரையில் விழும் சுடரை மட்டுமே. தீபத்தின் பொன்னொளிக்கென அமைந்த கருவறையின் இருளைக் காமிராவின் மின்னொளி ஒரு கணத்தில் கலைத்துவிடுகிறது. 2022 டிசம்பர் 2ஆம் நாள், திருச்செந்தூர் ஆலயம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்வதைத் தடைசெய்ய ஆணையிட்டது. தரிசனத்தை மதிக்கும் எவரும் அதை வரவேற்கவே செய்வர். கொல்லிமலைக்கு வரும் குழுக்களும் காமிராவை வெளியே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முறைவைத்து உள்ளே சென்று வருவதே முறை.

ஆனால் 'கோயிலில் படமே கூடாது' என்று அத்துடன் முடித்துவிடவும் இயலாது. அதற்குக் காரணம் அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது.

ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் சோழர் காலத்தது. வழிபாடு குன்றிப் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. 2008இல் உள்ளிருந்த திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் பொருட்டுத் திறக்கச் சென்றபோதுதான், அவை ஏற்கெனவே களவுபோன செய்தி தெரியவந்தது. அவற்றுள் ஒருவரான நடராசப் பெருமான், அதே 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டிருந்தார். விற்றவர் கையில் பொய்யான பத்திரங்கள் இருந்தன. கலைக்கூடம் அவற்றை நம்பியது. இவர் ஸ்ரீபுரந்தான் பெருமானே என்று எப்படி நிறுவுவது?

ஒரு புகைப்படம் இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதற்கொண்டு தென்னகக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிச் சேகரித்து வந்துள்ளனர். அச்சேகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஸ்ரீபுரந்தானில் அவர்கள் 1994இல் எடுத்த படமும் ஆஸ்திரேலியக் கூடத்தின் படமும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் வார்ப்புமுறை அறிந்தவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் வலிமை புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல்மண் பூசிக் காயவைத்துச் சுடுவர். மெழுகு உருகி ஓடியபின் அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பின்பு மண்ணை உடைத்தால்தான் திருமேனி வெளிவரும். மெழுகும் மறைந்தது, அச்சும் உடைந்தது. ஆகவே அதுபோல் மற்றொன்று உலகில் இராது. திருவாசியின் சுடர்களும், சடையின் விரிவும், எப்போதோ ஏற்பட்ட சிறு சிதைவும் அந்த ஒரு திருமேனிக்கே உரியவை. நகையை அடகு பிடிப்போர் எடையோடு நில்லாமல், எந்தக் கல் உதிர்ந்திருக்கிறது, எங்கே ஒடுங்கியிருக்கிறது என்றெல்லாம் பேரேட்டில் குறித்துக்கொள்வார்களே, அதுபோன்றதுதான் இது. குறிப்பு இருந்தால் பொருள் திரும்பும்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் ஆலயத்து அர்த்தநாரீசுவரர் கதையும் அத்தகையதே. அது கற்சிற்பம், ஆலயத்தின் புறச்சுவர் மாடத்தில், பிரகாரம் வலம் வருவோர் கண்ணுக்கு நேராக இருந்தது. அது சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தை 2004இல் சென்றடைந்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் 1974ஆம் ஆண்டுப் படமே அதற்கும் சாட்சி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியிடம் புதுதில்லியில் இவ்விரண்டு திருமேனிகளையும் நேரில் ஒப்படைத்தார். இத்தகைய ஒப்பீட்டுப் பணியில் முன்நின்றவர்களுள் எஸ். விஜயகுமார் குறிப்பிடத்தக்கவர். அவர் தொல்லியல் அதிகாரி அல்லர். சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணியாற்றிக்கொண்டே, சிற்பங்களின்மீது கொண்ட ஆர்வத்தால் இப்பணியில் இறங்கியவர். வார இறுதியில் காமிரா தூக்கும் ஆர்வலர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

படம் இல்லாத திருமேனிக்கு என்ன நேரும் என்பதற்குப் பத்தூர் நடராசரே சான்று. பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் களவாக லண்டன் சென்ற அப்பெருமானுக்குப் பழைய புகைப்படம் ஏதும் கிடையாது. அவர் பத்தூர்க் கோயிலுக்கே உரியவர் என்று நிறுவ, உடன் புதைந்திருந்த பிற திருமேனிகளோடு உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடங்களையும்கூட நிபுணர்கள் ஒப்பிட்டு லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி கூற வேண்டியதாயிற்று. வழக்கு மேல்முறையீடு வரை சென்று, 1991இல்தான் பெருமான் தாயகம் திரும்பினார்.

இத்தகைய ஆவணப்பணிக்குத் தமிழகத்தில் வேர் ஆழமானது. 1857 டிசம்பரில், இதே குளிர்காலத்தில், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றிருந்த அவர், மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை, சேலம் வழியாக ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை வரை சுற்றினார். அன்றைய சேலம் மாவட்டக் காட்சிகளையே ஒரு தனித் தொகுதியாக வெளியிட்டார். (நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1997இல்.) இன்று ஒரு விநாடியில் நூறு படம் எடுப்போருக்கு, தாளில் மருந்து பூசி, ஒரு படத்துக்காகப் பல நிமிடம் அசையாமல் காத்திருந்த அம்மனிதரின் பொறுமை விளங்குவது கடினம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர். எனினும் அது காக்கத் தக்கது என்று தெரிந்திருந்தார். பின்னர் 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இதை வீண் செலவென்று கருதியதால், பணி நின்றுபோயிற்று. செலவைக் குறைக்க வருவோர் முதலில் வெட்டுவது இத்தகைய கணக்குகளைத்தான்; அது அன்றும் இன்றும் மாறவில்லை.

கொல்லிமலைக் குழுக்களுக்கும் இதுபோல் ஒரு பணி காத்திருக்கிறது. அறப்பளீசுவரர் ஆலயத்தில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டு நண்பகலில் கண்ணுக்கே சரியாகப் புலப்படாது. ஒளி நேராக விழுந்து எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிடும். காலையிலோ மாலையிலோ ஒளி சுவரை உரசிச் சாய்வாக வீழும்போதுதான், ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலால் எழுந்து நிற்கும். மார்கழிச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், தென்புறச் சுவர்களில் அந்தச் சாய்வொளி நெடுநேரம் நிலைக்கும். பனிமூட்டம் கரைந்ததும் அருவிக்கு ஓடுவோர், அலுவலரிடம் அனுமதி பெற்று ஒரு மணி நேரத்தை இச்சுவர்களுக்குக் கொடுக்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசுவது மட்டும் கூடவே கூடாது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுவரைச் சுரண்டியதாலும், சாந்து பூசியதாலும், வழுவழுப்பான ஓடுகள் பதித்ததாலும் தமிழகத்தில் மறைந்த கல்வெட்டுகள் ஏராளம். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சேதங்கள்தாம் அவை; ஆயினும் மறைந்தது மறைந்ததே.

எடுத்த படத்தை என்ன செய்வது என்பதும் முக்கியமே. போட்டிக்கு அனுப்பும் படம் வேறு, ஆவணப் படம் வேறு. அழகான கோணம் அங்கே தேவையில்லை. நேராக நின்று, அருகில் ஓர் அளவுகோல் வைத்து, எந்தச் சுவர், எந்த நாள் என்று எழுதி, ஒரு படியை ஆலய அலுவலகத்தில் ஒப்படைத்தால் போதும். திருமேனிகளைப் பொறுத்தவரை, அந்த வேலை துறையாரும் அவர்கள் அனுமதித்தவர்களும் செய்ய வேண்டியது.

மலைமக்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கே வாழும் பழங்குடியினர் 'மலையாளி' என்று அழைக்கப்படுவர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பதே இவர்களின் வழிவழிக் கூற்று. சாமை, தினை, கேழ்வரகு, மிளகு, வாழை என்று பயிரிட்டு வாழ்பவர்கள். அதிகாலைப் பனியில் கம்பளி போர்த்தித் திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் முகம் காமிராக்காரர்களுக்குப் பெரும் கவர்ச்சி. கேளாமல் எடுப்பவரே மிகுதி. "ஆத்தா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். சொன்னபடி படத்தின் பிரதியை அடுத்த மார்கழியில் கொண்டுவந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் திண்ணையில் சுக்குக் காப்பி நிச்சயம் உண்டு.

இந்தச் செய்தியில் இளையவர்களுக்கு மட்டுமே வேலை என்று எண்ண வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் உள்ள பழைய புகைப்பட ஆல்பங்களை, இந்தத் தை மாதப் பரண் ஒழிப்பின்போது பெரியவர்கள் ஒருமுறை கீழே இறக்கலாம். ஊர்க்கோயிலின் கும்பாபிஷேகத்தில் எடுத்த படம் இருக்கும். மண்டபத்தில் நடந்த திருமணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு தூண் சிற்பம் தெரியும். பங்குனி உத்திரப் புறப்பாட்டில் உற்சவர் திருமேனி மாலைகளுக்கிடையே முகம் காட்டியிருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லத் தெரிந்தவர் இன்று வீட்டில் ஒருவர் இருவர் மட்டுமே. அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் எழுதிவைக்க வேண்டும். பேனாவால் எழுதினால் மை ஊறி முகத்தில் இறங்கிவிடும்.